அளந்து போட்ட கையெழுத்து

தூத்துக்குடி வான்டாக்சி நிலையத்தில் எரிபொருளின் அடர்த்தியை இப்போது யாரும் அளப்பதில்லை. வெப்பத்தையும் அழுத்தத்தையும் வைத்துக் கணினியே சொல்லிவிடும்.

சென்ற ஆடியில் அந்த எண்ணை நம்பி, வண்டி பறக்கலாம் என்று கையெழுத்திட்டேன். எரிபொருள் அதைவிட லேசாக இருந்திருக்கிறது; லேசானால் அதே லிட்டருக்குக் குறைந்த தூரம்தான் பறக்கும். என் மனைவி தமயந்தி ஓட்டிய வண்டி பாதி வழியில் எரிபொருள் தீர்ந்து கடலில் விழுந்தது.

இன்று வண்டியில் எட்டுப் பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஜாடியில் எரிபொருளைப் பிடித்தேன்.

"வண்டி கெளம்ப நேரமாவுது. அளந்தா நாளையில இருந்து வேலை கெடயாதுவே," என்றார் மேலாளர் செபஸ்தியான்.

அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை அதில் மிதக்கவிட்டேன். கணினி சொன்ன அதே எண்தான் வந்தது.

"சரியாத்தான இருக்கு? இதுக்குப் போயி வேலய விட்டீரே!"

"எட்டுப் பேரும் வீடு போய்ச் சேருவாங்கன்னு இப்பத்தான எனக்குத் தெரியும்," என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.