மூலை மழுங்காத கார்டு

"அனுப்ப வேண்டாம் வேர்னா. கிரேடிங் கட்டணம் தண்டம். நான் சொல்றதைக் கேளு."

ஓரெஸ்ட் அந்த ஹாக்கி கார்டை அவள் பக்கமே நகர்த்தி வைத்தான்.

கனடாவில், சஸ்காச்சுவான் மாகாணத்தின் அந்தச் சிறிய ஊரில் ஐஸ் ஸ்கேட்டுக்குச் சாணை பிடிக்கிறவனும் அவன்தான், ஐஸ் ஹாக்கி வீரர்களின் படம் போட்ட பழைய கார்டுகளை வாங்கி விற்கிறவனும் அவன்தான். இரண்டுக்கும் ஒரே அறை. ஊராரின் கார்டுகளை அவ்வப்போது ஒரு பெட்டியில் சேர்த்து, தரம் பார்த்து மதிப்பெண் போடுகிற கம்பெனிக்கு அனுப்பி வைப்பான். இன்றைய பெட்டி மேசைமேல் திறந்து கிடந்தது. கூரியர் வண்டி வருகிற நேரம்.

வேர்னா கையுறையைக்கூடக் கழற்றவில்லை. "ஏன் தண்டம்?"

"மூலை மழுங்கியிருக்கு. மார்க் கம்மியாத்தான் போடுவாங்க. உன் எண்ணூறு டாலர் வீணாப் போயிடும்."

"மழுங்கியிருக்கா?" அவனுடைய பூதக்கண்ணாடியை அவளே எடுத்துக் கார்டின்மேல் வைத்துக் குனிந்தாள். "நாலு மூலையும் ஊசி மாதிரி நிக்குது. எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு நினைச்சியா?"

கோல் காப்பாளர் கார்டி மக்ரோவின் முதல் கார்டு அது. ஐம்பதுகளில் பபிள்கம்மோடு வந்தது. வேர்னாவின் கணவன் மெர்வ் அதைச் சமையலறைச் சுவரில் மாட்டி வைத்திருந்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் தொப்பியைக் கழற்றுவதற்குள் அதைக் காட்டிவிடுவான். போன வசந்தத்தில் மெர்வ் போய்விட்டான்.

"உன்கிட்டதானே அவர் இதை வாங்கினார்?" என்றாள் வேர்னா. "இந்த மாகாணத்துலயே இவ்வளவு சுத்தமான மூலை வேற எதுக்கும் கிடையாதுன்னு நீதானே சொன்ன? நானும் பக்கத்துலதான் நின்னேன். அப்ப பொய் சொன்னியா, இல்ல இப்ப பொய் சொல்றியா?"

"அப்ப சொன்னது வேற..." ஓரெஸ்ட் துணியை எடுத்து ஏற்கெனவே துடைத்த ஸ்கேட்டை மறுபடி துடைத்தான்.

"எங்க வீட்டைச் சூடாக்கற ஃபர்னஸ் இந்தக் குளிரைத் தாண்டாது ஓரெஸ்ட். சமையலறை ஓவனைத் திறந்து வச்சுக்கிட்டு அது முன்னால உக்காந்திருக்கேன். குழாய் உறைஞ்சு வெடிச்சா வீடே போச்சு. புதுசு போட ஒன்பதாயிரம் கேக்கறான். கையில இருக்கறது இந்த எண்ணூறுதான். இது பத்துக்கு எட்டு மார்க் வாங்கினா நாப்பதாயிரத்துக்குப் போகும்னு எல்லாரும் சொல்றாங்க."

"வாங்கலைன்னா?"

"அதான் உன்கிட்ட கேக்க வந்தேன். நீ என்னடான்னா மூஞ்சியப் பார்த்தே பேச மாட்டேங்கற."

வெளியே பனியில் ஏதோ வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. ஓரெஸ்ட் சட்டென்று நிமிர்ந்தான்.

"ரெண்டாயிரம் தரேன். எனக்கே குடுத்துடு."

வேர்னா சிரித்தாள். "அனுப்பவே லாயக்கில்லாத கார்டுக்கு ரெண்டாயிரமா?"

"ஐயாயிரம்."

அவள் சிரிப்பு நின்றது. கார்டை எடுத்து இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "ஓஹோ! இதான் விஷயமா? புருஷன் செத்துப்போனவ, இவளுக்கு என்ன தெரியும்னு நினைச்சிட்ட. ஃபாரத்தை எடு. இப்பவே அனுப்பு!"

"வேர்னா, தயவுசெஞ்சு..."

"எடுடா ஃபாரத்தை!"

கூரியர் வண்டியின் ஹாரன் வாசலிலேயே ஒலித்தது. வேர்னா கார்டைப் பெட்டிக்குள் வைத்து, எண்ணூறு டாலரை மேசைமேல் அறைந்தாள். ஓரெஸ்டின் இரண்டு கைகளும் பெட்டியின் வாயை மூடிக்கொண்டன.

"ஒன்பதாயிரம். இப்பவே செக் எழுதறேன்."

வேர்னா அசையவில்லை. வராமலே போகக்கூடிய நாற்பதாயிரம் ஒரு பக்கம், வீட்டுக்குச் சூடு ஒரு பக்கம். மெர்வ் இருந்தால் முறைத்திருப்பான். ஆனால் மெர்வ் குளிரில் நடுங்க வேண்டியதில்லை.

"எழுது," என்றாள் கடைசியில்.

ஓரெஸ்ட் எழுதினான். அவனும் மனைவியும் இந்தக் குளிர்காலத்தை அரிசோனா வெயிலில் கழிக்கச் சேர்த்த பணம். அவளிடம் என்ன சொல்வதென்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை.

எண்ணூறு டாலரையும் செக்கையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு வேர்னா கதவருகே திரும்பினாள். "நாளைக்கே நாப்பதாயிரத்துக்கு வித்துட்டு, என்னை நினைச்சு நல்லாச் சிரிப்ப. மெர்வ் உன்னை சிநேகிதன்னு நினைச்சாரு. நீ திருடன், ஓரெஸ்ட்!"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அவள் தன் வண்டியை எடுத்த வேகத்தில் பனி ஜன்னல்வரை தெறித்தது.

மறுபடி கதவு திறந்து கூரியர்காரன் வந்தான். பெட்டிக்கு டேப் ஒட்டப் போனவன், ஓரெஸ்ட் அதிலிருந்து ஒரு கார்டை வெளியே எடுப்பதைப் பார்த்தான்.

"அது போகலையா? பார்க்க ஜோரா இருக்கே!"

"இதுக்கு மார்க்கே போட மாட்டாங்க. அப்படியே திருப்பிடுவாங்க. பத்து டாலர்கூடப் பெறாது."

"ஏன், போலியா?"

"கார்டு அசல்தான். மழுங்கின மூலை தெரியாம இருக்க, சுத்தி ஓரத்தையெல்லாம் பிளேடால சீவியிருக்கு."

"அடப்பாவி! எவன் செஞ்ச வேலை?"

ஓரெஸ்ட் கார்டை விளக்கிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

"மெர்வுக்கு வித்தவன்."