கொழும்புப் பாஸ்புக்

மக்ரூன் தட்டை ஒதுக்கிவிட்டு மேனேஜர் இஞ்ஞாசி கையை நீட்டினார். அந்தப் பாஸ்புக்கை ஒரு பார்வை பார்த்துவிடலாமாம்.

ஜேசுபாதம் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

மகள் பிளாரன்ஸைப் பெண் பார்த்தாயிற்று. மாப்பிள்ளைக்குப் பிடித்தும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஓலை வாசித்துக் கல்யாணத்தை ஊருக்குச் சொல்வதா, வேண்டாமா என்பது இனி அந்தப் புத்தகத்தைப் பொறுத்தது.

மாப்பிள்ளையின் அப்பா கொழும்பில் பாங்கு மேனேஜராக இருந்து திரும்பியவர். தூத்துக்குடியில் இஞ்ஞாசி என்றால் எந்த இஞ்ஞாசி என்பார்கள். மேனேஜர் என்றால் வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள்.

சீதனத்தில் பாதி, கொழும்புக் கணக்கில் கிடக்கும் இருபதாயிரம் என்று ஜேசுபாதம் சொல்லியிருந்தார்.

பதினேழு வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதை நம்பித்தான் மளிகைக் கடையில் கடன் கொடுத்தார்கள். கோயில் திருவிழாக் கமிட்டியில் நாற்காலி போட்டார்கள்.

பணத்தை வெளியே விடமாட்டேன் என்றது இலங்கை. வெளிநாட்டில் கணக்கு இருந்தால் ஒழுங்காக எழுதிக் கொடு என்று போன வருஷம் நம் அரசாங்கமும் சட்டம் போட்டது. கொழும்பில் பணம் வைத்திருந்த கடற்கரைக்காரர்கள் இளைத்துப் போனார்கள். ஜேசுபாதம் மட்டும் கொஞ்சம் சதை போட்டார். இரண்டு அரசாங்கம் காவல் காக்கிற பணமல்லவா என்பார்.

புத்தகத்தைச் சுற்றியிருந்த சாட்டின் துணியைப் பிரித்துக் கொடுத்தார். இதுவரை அட்டையைத் தாண்டி யாரும் கேட்டதில்லை.

மேனேஜர் முதல் பக்கத்தில் நிற்கவில்லை. கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஒரே புரட்டில் கடைசி வரிக்குப் போனார்.

சிவப்பு மையில் 1958. கணக்கு முடிந்தது. மீதி பதினோரு ரூபாய், கொடுத்தாயிற்று. ஓரத்தில் கவுண்டர் கிளார்க்கின் கையெழுத்து.

மேனேஜரின் வலது கை மேசைமேல் தானாக எதையோ தேடிற்று. கவுண்டர் கிளார்க்குக்கு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கவேண்டிய இடம்.

ஜேசுபாதம் அந்தக் கையையே பார்த்தார்.

முடித்த புத்தகத்தை வெளியே தரக்கூடாது என்பது பாங்கு விதி. அன்று, மூன்றாம் கவுண்டரில், பதினோரு ரூபாயில் ஒன்றை ஜேசுபாதம் உள்ளே தள்ளியதும் எச்சில் தொட்ட இதே கட்டைவிரல்தான் அதை இழுத்துக்கொண்டு புத்தகத்தை வெளியே தள்ளியது. அப்போது இவர் தலையில் முடி இருந்தது.

மேனேஜரும் நிமிர்ந்தார். கண்கள் சந்தித்தன.

கதவோரம் ஜேசுபாதத்தின் மனைவி அமலோற்பவம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேனேஜர் புத்தகத்தை மூடினார். "எல்லாம் பத்திரமா இருக்கு. வட்டியும் ஏறிருக்கும்."

"மேனேஜரே சொன்ன பொறவு வேற என்ன வேணும், சம்பந்தி?" என்றார் ஜேசுபாதம்.

உள்ளே பெண்கள் சிரித்தார்கள். யாரோ இன்னொரு சுற்றுக் காப்பிக்குப் பால் வைத்தார்கள்.

துணியை மடித்து ஜேசுபாதத்திடம் கொடுத்துவிட்டு, புத்தகத்தை மட்டும் மேனேஜர் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

விதி விதிதான்.