மெதுவாப் பேசுங்க, காடை இருக்கு

"இந்த வீட்டுல ஒண்ணு அந்தக் கூண்டு இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

இப்படி ஒரு வசனத்தைத் தொண்டை கிழியக் கத்தினால்தான் எடுபடும். பாவம், அவள் கிசுகிசுத்தாள். கூடத்தில் வேறு எப்படிப் பேச முடியும்? காடை இருக்கிறதே!

"உஷ்... மெதுவா" என்றான் கணவன், அவளைவிட மெதுவாக. கூண்டுக்குள் இருக்கும் தட்டில் மணலை நிரப்பிக்கொண்டிருந்தான். காடைகள் மணலில் புரண்டுதான் குளிக்குமாம். "அக்காகிட்ட நீயே சொல்லேன்."

அக்கா என்றால் அவளுடைய நாத்தனார். தையல்காரி. தனியாக இருந்தவள், தையல் மிஷினும் நாலு காடையுமாகத் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்துவிட்டாள். வந்த அன்று கூண்டைப் பின்னறையில்தான் வைத்தாள். மறுநாள் என்ன தோன்றியதோ, கூடத்து நடுவுக்குத் தூக்கி வந்துவிட்டாள். கூடவே ஒரு சட்டமும் போட்டாள்.

"காடை திடுக்கிட்டா நேரா மேலேதான் பாயும். தலை முட்டிச்சுன்னா அவ்வளவுதான், உயிர் போயிடும். இங்க யாரும் சத்தம் போடக் கூடாது."

அன்றோடு டிவிக்கு வாய்ப்பூட்டு. மிக்ஸி கொல்லைப்புறத்துக்குக் குடிபோனது. மருந்துக்கடையில் நாளெல்லாம் கால் கடுக்க நின்றுவிட்டு வருகிறவள், சொந்த வீட்டில் திருடி மாதிரி நடக்க வேண்டியிருந்தது.

"அண்ணி, சத்தம் ஆகாதுன்னா பழையபடி பின்னறையிலயே வைக்கலாமே?" என்று கேட்டும் பார்த்தாள்.

"அங்க வெளிச்சம் பத்தாதும்மா." நறுக்கென்று கத்தரித்துவிட்டாள் நாத்தனார்.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது என்பது இதுதான்! நாலு பறவைக்கு இருக்கிற மரியாதை தனக்கு இல்லையே என்று அவளுக்கு ஆறவே இல்லை.

கணவன் மாறியதுதான் அதிசயம். லேத் பட்டறையில் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி, வீட்டிலும் அவனுக்கு அதே குரல். சட்டையில் ஒரு பட்டன் இல்லையென்றால் தெருக்கோடிக்குக் கேட்கும். சட்டம் போட்ட பிறகும் ஒரு நாள் மறந்துபோய்க் கத்தினான். கூண்டுக்குள் 'தொப்' என்று ஒரு சத்தம். அக்கா தலைதெறிக்க ஓடி வந்தாள்.

"கொன்னுடுவே போலிருக்கேடா பாவி!"

அவன் முகம் வெளுத்துவிட்டது. காடையைக் கையில் எடுத்துத் தடவித் தடவிப் பார்த்தான். அப்புறம் அவன் குரல் உயரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. தைத்த துணிகளைக் கொடுக்க நாத்தனார் வெளியே போனாள். கணவனும் கடைக்குப் போயிருந்தான். இதை விட்டால் வேறு சமயம் வாய்க்காது, நாமே பின்னறைக்குத் தூக்கிவிடுவோம் என்று அவள் கூண்டில் கை வைத்தாள். அசைந்தால்தானே!

கனத்தைக் குறைக்க, மணல் தட்டை எடுக்கலாமென்று உள்ளே கையை விட்டாள். புறங்கை மேலே இடித்தது. மெத்தென்று இருந்தது.

குனிந்து பார்த்தாள். கூண்டின் மேற்பலகை முழுக்க ஸ்பாஞ்ச் வைத்து, அதன்மேல் துணி போட்டு நெருக்கமாகத் தைத்திருந்தது. ஒரு மூலை விடவில்லை.

அந்தத் திகைப்பில் தட்டு கை நழுவித் தரையில் விழுந்தது. அத்தனை காடையும் ஒரே பாய்ச்சல். தொப், தொப்! அடுத்த நொடி கீழே இறங்கி, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, தீனியைக் கொத்தப் போய்விட்டன.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் நாத்தனார் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் அடக்கி வைத்த குரலெல்லாம் ஒன்றாகப் பீறிட்டது.

"இதுங்களுக்குத்தான் ஒண்ணுமே ஆகாதே அண்ணி! எதுக்கு எங்களை ஊமையாக்கி வச்சிருக்கீங்க?"

நாத்தனார் பதறவில்லை. உள்ளே வந்து தட்டை எடுத்து வைத்தாள்.

"ஆகாதுதான். இங்க வர்றதுக்கு முன்னாடியே தச்சுட்டேன்."

"அப்ப எதுக்கு இந்த நாடகம்?"

"நான் வந்த மறுநாள் பட்டன் இல்லைன்னு அவன் கத்தினானே, ஞாபகம் இருக்கா? நீ அடுப்படியில தூக்கிவாரிப்போட்டு நின்ன. கையில இருந்த டம்ளர் விழுந்துடுச்சு. அதை எடுக்கக்கூடத் தோணாம அவன் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்த."

அவள் குனிந்து, தரையில் சிந்திய மணலைக் கையால் கூட்டினாள்.

"தனியாக் கூப்பிட்டு அவன்கிட்ட சொன்னேன். 'என் குரலே அப்படித்தான்க்கா, அவளுக்குப் பழகிடுச்சு'ன்னுட்டான். பொண்டாட்டிக்காகக் குறைக்காதவன் காடைக்காகவாவது குறைப்பானான்னு பார்த்தேன்." நாத்தனார் கூண்டின் மேற்பலகையைத் தட்டிக் காட்டினாள். "இதுங்களுக்குத் தச்சுட்டேன். உனக்கு எங்கேம்மா தைக்கறது?"

வாசலில் பைக் வந்து நின்றது. "யாரு கத்தினது? ஏதாவது ஆகிடப்போகுது!" என்று பதறிக்கொண்டே கணவன் உள்ளே வந்தான்.

அவள் கூண்டுக் கதவைச் சட்டென்று சாத்தினாள்.

"நான்தாங்க, தெரியாம கத்திட்டேன். நீங்க மெதுவாப் பேசுங்க, காடை இருக்கு."