வெளிச்சம் கூடி வந்த நேரம்

"முந்தானையை அப்படியே விடுங்கம்மா. இழுத்து மூட வேண்டாம்" என்றான் அர்த்தநாரி.

பாவாயி கையை எடுத்தாள். தோளில் கிழிந்திருந்த ரவிக்கை தெரிந்தது. கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தக் கிழிசலும் படத்துக்கு வேண்டியிருந்தது அவனுக்கு.

எண்பத்து மூன்றின் கோடை. வெண்ணந்தூர்ப் பக்கம் கிணறுகளெல்லாம் தரை தட்டிக் கிடந்தன. தண்ணீர் லாரிக்காகச் சாலையோரம் நின்ற பெண்களில் அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, புளியமர நிழலின் விளிம்பில் நிறுத்தியிருந்தான். சேலத்தில் ஒரு புகைப்படப் போட்டி. போன வருடம் அவன் படம் முதல் சுற்றிலேயே திரும்பி வந்துவிட்டது.

சாதாரண லென்ஸில் கிட்டப் போனால் மூக்குப் பெரிதாகி முகம் கெட்டது. நீள லென்ஸை மாற்றிக்கொண்டு பின்னால் நகர்ந்தான். இப்போது பின்னாலிருந்த காய்ந்த காடு கலங்கிப்போய், முகம் மட்டும் துல்லியமாக நின்றது.

வெயில்தான் ஒத்துவரவில்லை. கண்குழிகளில் நிழல் மை அப்பியதுபோல விழுந்தது. மெல்லிய மேகம் ஒன்று வந்துகொண்டிருந்தது. காத்திருந்தான். வெறும் குடத்தை இடுப்பில் வைத்தபடி அவளும் காத்திருந்தாள்.

லாரி வந்தது.

பெண்கள் குடங்களோடு ஓடினார்கள். "பாவாயக்கா, வாக்கா!" என்று மாரக்காள் கத்தினாள்.

அந்த நேரம் பார்த்து மேகம் சூரியனை மூடியது. முகமெங்கும் வெளிச்சம் பதமாகப் பரவியது.

"அசையாதீங்க" என்றான்.

அவள் அசையவில்லை. கண் மட்டும் லாரிப் பக்கம் போய்ப் போய்த் திரும்பியது. அந்தத் தவிப்பைத்தான் அவன் தேடிக்கொண்டிருந்தான். பிலிம் தீரும்வரை எடுத்தான்.

லாரி போய்விட்டது.

பாவாயி வெறுங்குடத்தோடு கிட்டே வந்தாள்.

"ஏனுங்க சாமி, இதப் பாத்தாங்கன்னா எங்கூருக்குப் போர் போட்டுக் குடுத்துருவாங்களுங்களா?"

அவன் குனிந்து, தீர்ந்த பிலிமைச் சுற்றத் தொடங்கினான்.

அவன் வந்தவுடனே அவள் கேட்டிருந்தாள், கவர்மெண்டுங்களா என்று. சூரமங்கலத்தில் ரயில்வே ஆபீஸ் கிளார்க் அவன். ஆமாம் என்றிருந்தான். பொய்யில்லை என்று அப்போது தோன்றியது. அப்படிச் சொன்னால் நிற்பாள் என்றும் தோன்றியது.

மாரக்காள் நிறைகுடத்தோடு வந்து, ஒன்றும் கேட்காமல் பாவாயியின் குடத்தில் பாதியைச் சரித்தாள். பின்னால் வந்தவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினார்கள். "நமக்காவத்தான நின்னா" என்றாள் ஒருத்தி.

உண்மையைச் சொல்லிவிட அர்த்தநாரி வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

"தொண்ட வறண்டு கெடக்குது பாரு. ஆபீசருக்கு மொதல்ல குடுங்க" என்றாள் மாரக்காள்.

பாவாயி தன் குடத்திலிருந்து ஒரு சொம்பு சாய்த்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் வாங்கிக் குடித்தான்.