இரும்பு எழுத்து

"வெளிச்சம் இடது பக்கத்துலேர்ந்து வருது. உள்ளே வெட்டின எழுத்துன்னா நிழல் எங்கம்மா விழணும்?"

"இடது ஓரத்துல சார்."

"அப்புறம் ஏன் வலது ஓரம் கறுத்திருக்கு? இது பொறிச்ச எழுத்து இல்ல, கொப்புளம்!"

கணினியில் படம் திருத்தக் கற்றுத்தரும் மாலை வகுப்பு மொத்தமும் சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டில் ஏழாவது படியாக 'நிழல் இடது ஓரம்' என்று எழுதி, வழக்கம்போலப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுக்கொண்டாள்.

திரையில் சாம்பல் நிறத்தில் ஓர் இரும்புத் தகடு. அதில் இரண்டே வரி. 'சோதனை முடிந்தது.' கீழே ஒரு தேதி.

"புது எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னுதே!" என்றார் ஆசிரியர். "பழைய இரும்புன்னா கீறல், அழுக்கு எல்லாம் வேணாமா?"

"போடறேன் சார். பார்த்தா நிஜம்னு நம்பிடுவாங்களா?"

"வீட்டுப்பாடத்துக்கா இவ்வளவு பதற்றம்?"

அவள் படத்தைப் பெரிதாக்கி, துருவின் நிறத்தைத் தேடத் தொடங்கினாள்.

அவளுடைய அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஒவ்வொரு சோதனை முடிந்ததும் தேதியோடு ஒரு தகடு பொறித்து, லிஃப்டுக்குள் திருகிவிட்டு வருவது அவன் வேலை. போன வாரம் அவன் பொறுப்பிலிருந்த லிஃப்ட் அறுந்து விழுந்தது. இருவர் இடுப்பொடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். உள்ளே தகட்டைக் காணோம். அவன் சோதிக்கவே இல்லை என்கிறார்கள். நாளைக்குள் தகடு கிடைக்காவிட்டால் சிறைதான்.

"சத்தியமா மாட்டினேன் குட்டி" என்று காலையில்கூட அழுதான்.

அவள் நம்பவில்லை. நம்பாதது முகத்தில் தெரிந்துவிடாமல் கேட்டாள்: "அதுல என்னண்ணா எழுதியிருந்தே?"

"சோதனை முடிந்தது. தேதி. எல்லா லிஃப்டுலயும் அதேதான். நான் படிச்ச அஞ்சாங்கிளாஸுக்கு அதுக்கு மேல என்ன எழுத வரும்?"

கீறல் போட்டாள். மூலைகளில் துரு தடவினாள். திருகாணிகளைச் சுற்றி அழுக்கு. எல்லாப் படிகளையும் இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, 'அண்ணன் அன்றைக்கு எனக்கு அனுப்பிய படம்' என்று எழுதி, விசாரணை அதிகாரியின் எண்ணுக்கு அனுப்பினாள்.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது அண்ணனின் அழைப்பு வந்தது.

"குட்டி! தகடு கிடைச்சிடுச்சுடி! லிஃப்ட் குழியில, கிரீஸுக்கு அடியில கிடந்துச்சு. அதிகாரியே தன் கையால எடுத்தாரு!"

அவள் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள். "அப்போ... நிஜமாவே மாட்டினியாண்ணா?"

"பின்னே? 'சோதனை'க்கு மூணு சுழி போட்டு வெச்சிருக்கேனாம். 'இப்படித் தப்பா எழுத உன்னாலதான்யா முடியும், இது உன் தகடுதான்'னு சொல்லிச் சிரிக்கிறாரு. பொழச்சேன்டி!"

சட்டென்று அவன் குரல் இறங்கியது.

"இரு குட்டி... அவர் போன்ல ஏதோ படம் வந்திருக்காம். இதே தகடு, இதே தேதி. ஆனா அதுல ரெண்டு சுழிதான் இருக்காம்... ஏன்டி, சிரிக்கிறதை நிறுத்திட்டாரே?"