ஆறாவது குழாயின் நீலம்

ஆய்வகத் தாங்கியில் ஆறு குழாய்கள். ஐந்தில் எவ்வளவு புரதம் என்பது முன்பே தெரியும். ஆறாவதுக்கு மட்டும் தன் அளவு தெரியாது.

சாயம் விட்டார்கள். புரதம் கூடக் கூட நீலம் கூடியது. ஆறாவதுதான் கருநீலம். மற்ற ஐந்தின் நீலத்தை அளந்து, எவ்வளவு நீலத்துக்கு எவ்வளவு புரதம் என்று வரைதாளில் ஒரு கோடு போட்டார்கள்.

"நான்தானே முதல்?" என்று வரைதாளின் கோட்டைக் கேட்டது.

"அந்த அஞ்சு பேரை வச்சு என்னைப் போட்டாங்க. நான் அஞ்சாவதோட முடிஞ்சுடறேன். அதுக்கு மேல நீ எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றது கோடு.

ஆறாவதைக் கழுவி, அதன் சாயம் படாத மிச்சத்தில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, மறுபடி சாயம் விட்டார்கள்.

"ஐயோ, வெளுத்துட்டேனே!"

"இப்பதான் உன் அளவு தெரியுது. பத்தால பெருக்கினா இங்க உன்னை மிஞ்ச ஆளே இல்லை!" என்றது கோடு.

ஆறாவது அதைக் காதில் வாங்கவில்லை. இப்போது தன்னைவிடக் கருத்திருந்த ஐந்தாவதின் நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.