பங்காளிகள்

“யாழிசையோட பங்காளிங்கம்மா” என்றார்கள் வாசலில் நின்ற மூவரும். ஆபரேஷனுக்கு முன்னால் மகளைப் பார்க்க வந்த கணவர் வழிச் சொந்தம் என்றெண்ணி, கோமளம் காபி கலந்து கொடுத்தாள். அவர்களோ மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, கைபேசியில் அவளுடைய விலையைப் பார்த்தார்கள்.

காலேஜ் ஃபீஸுக்காக அன்று கோமளம் விற்றது மகளையே, பங்கு பங்காக; வாங்கியவர்கள் இவர்கள்.

“ஆபரேஷன் செலவை இவ இனிமே சம்பாதிச்சு ஈடுகட்ட மாட்டா. வேண்டாம்னு ஓட்டு போட்டுட்டோம். நஷ்டத்தை இத்தோட நிறுத்திக்கிறோம், இதுக்குப் பேரு ஸ்டாப் லாஸ்மா.”

“செத்துடுவாய்யா! நான் பெத்த பொண்ணு!”

மூத்தவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

“பெத்தது நீங்கதாம்மா, யாரு இல்லேன்னா? ஆனா பாதிக்கு மேல எங்க கையிலதானே இருக்கு.”